போன்சாய் மரங்களைத் தொட்டியில் நிலைநிறுத்தல்

போன்சாய் மரங்களைத் தொட்டியில் நிலைநிறுத்தல் என்பது, ஆழமற்ற தொட்டியில் வளர்க்கப்படும் குறுமரம் காற்றாலோ, நீர் ஊற்றுவதாலோ, கையாளுவதாலோ அசையாமலும் சாயாமலும் இருக்கும்படி அதன் வேர்த்தொகுதியைத் தொட்டியுடனும், தொட்டியை அது வைக்கப்பட்டுள்ள இடத்துடனும் பிணைத்துக் காக்கும் செயல்முறை ஆகும். நிலத்தில் நிற்கும் மரம் தன் வேர்களாலேயே தன்னைத் தாங்கிக்கொள்கின்றது. தொட்டியில் மாற்றி நடப்பட்ட மரத்துக்கு முதல் சில மாதங்களில் அந்தப் பிடிமானம் இருப்பதில்லை. அதனை வளர்ப்பவரே அமைத்துக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டின் வடகடலோர மாவட்டங்களில் ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் வருவதால், இப்பகுதிகளில் போன்சாய் வளர்ப்போர் இதனைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இக்கட்டுரை பொதுவான முறைகளையும், சின்ன காஞ்சிபுரம் பகுதியின் பருவநிலைக்கு ஏற்ப அவற்றைக் கையாளும் வழிகளையும் விளக்குகின்றது.

சொற்பொருளும் பின்னணியும்

போன்சாய் (பொன்சாய் எனவும் எழுதப்படும்) என்பது ஜப்பானியச் சொல் ஆகும். 'போன்' என்பது தட்டம் போன்ற ஆழமற்ற தொட்டியையும், 'சாய்' என்பது நடுதலையும் குறிக்கும். இக்கலை சீனாவில் தோன்றி ஜப்பானுக்குப் பரவியது. சீனாவில் கி.பி. 706 ஆம் ஆண்டைச் சேர்ந்த இளவரசர் சாங்குவாயின் கல்லறைச் சுவரோவியத்தில், தட்டத்தில் வைத்த சிறு செடிகளை ஏந்திய பணியாளர்கள் காணப்படுகின்றனர். ஜப்பானில் 1309 ஆம் ஆண்டைச் சேர்ந்த கசுகா ஓவியச் சுருளில் தொட்டி மரங்கள் வரையப்பட்டுள்ளன. 1923 ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்துக்குப் பின்னர் தோக்கியோவின் வளர்ப்பாளர்கள் சிலர் ஓமியா என்னும் இடத்துக்குக் குடிபெயர்ந்து, 1925 ஆம் ஆண்டில் போன்சாய்ச் சிற்றூர் ஒன்றை உருவாக்கினர்.

போன்சாய் மரம் பல தலைமுறைகள் வாழக்கூடியது. 1625 ஆம் ஆண்டு முதல் வளர்க்கப்பட்டு வரும் யமாக்கி பைன் மரம், 1945 ஆம் ஆண்டில் இரோசிமாவில் வீசப்பட்ட அணுகுண்டுக்குத் தப்பி, 1976 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது. அது இன்று வாசிங்டன் நகரில் உள்ள தேசிய போன்சாய் அருங்காட்சியகத்தில் உள்ளது. இத்தகைய மரம் தன் வாழ்நாளில் பலமுறை தொட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, வேர் நறுக்கப்பட்டு, மீண்டும் நடப்படுகின்றது. ஒவ்வொரு முறையும் அதன் பிடிமானம் புதிதாகத் தொடங்குகின்றது. எத்தனை வயதான மரமானாலும், மாற்றி நட்ட நாளில் அது ஒரு நாற்றுக்கு ஒப்பானதே.

நிலத்து மரமும் தொட்டி மரமும்

நிலத்தில் உள்ள மரத்தின் பக்கவேர்கள் பெரும்பாலும் கிளைப் பரப்பையும் தாண்டிச் செல்கின்றன. காற்று மரத்தைத் தள்ளும்போது காற்று வரும் பக்கத்து வேர்கள் இழுவிசையையும், எதிர்ப்பக்கத்து வேர்கள் அழுத்தத்தையும் தாங்குகின்றன. வேர்களுக்கிடையே சிக்கியுள்ள மண்ணின் எடையும் மரத்தை நிலைநிறுத்துகின்றது.

சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்தில் உள்ள ஆலமரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். 1989 ஆம் ஆண்டில் வீசிய கடுங்காற்றில் அதன் நடு அடிமரம் சாய்ந்தது. ஆயினும் விழுதுகள் முன்னரே தரையில் ஊன்றித் தூண்களாகி இருந்தமையால் மரம் தொடர்ந்து வாழ்கின்றது. கொல்கத்தாவை அடுத்த ஹவுரா தாவரவியல் பூங்காவின் பேராலமரமும் இத்தகையதே. அதன் அடிமரம் பூஞ்சை நோயால் அழுகியதால் 1925 ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. மரம் விழுதுகளின் மேல் நிற்கின்றது.

தொட்டி மரத்துக்கு இவற்றில் எதுவும் வாய்ப்பதில்லை. அதன் ஆணிவேர் வெட்டப்பட்டிருக்கும். பக்கவேர்கள் கிளைப் பரப்பைவிடக் குறுகிய இடத்தில் அடங்கியிருக்கும். மண்ணின் ஆழம் பெரும்பாலும் 5 முதல் 10 செ.மீ. அளவே இருக்கும். எனவே நிலத்தில் வேர் செய்யும் பணியைத் தொட்டியில் கம்பியும் கட்டும் தற்காலிகமாகச் செய்கின்றன.

அசைவினால் ஏற்படும் கேடு

மரம் நீரையும் உணவுச் சத்துகளையும் பெருமளவில் உறிஞ்சுவது தடித்த வேர்களால் அன்று. நுனியில் உள்ள மெல்லிய வேர்களாலும், அவற்றில் தோன்றும் வேர்த்தூவிகளாலும் ஆகும். மாற்றி நடும்போது இவற்றில் பெரும்பகுதி இழக்கப்படுகின்றது. அடுத்துவரும் வாரங்களில் வெட்டுவாயிலிருந்து புதிய வெண்ணிற வேர்நுனிகள் தோன்றி மண் துகள்களைப் பற்றத் தொடங்குகின்றன. அவை மிகவும் மென்மையானவை.

இந்நிலையில் அடிமரம் சில மில்லிமீட்டர் அசைந்தாலும், வேர் நகரும். மண் துகள் நகராது. இடையில் உள்ள வேர்த்தூவிகள் அறுந்துவிடும். காற்று ஒவ்வொரு நாளும் மரத்தை ஆட்டினால், புதிதாகத் தோன்றும் வேர் ஒவ்வொரு நாளும் அறுகின்றது. மேலே இலைகள் நீரை வெளியேற்றிக்கொண்டிருக்க, கீழே அதனை ஈடுசெய்ய வழி இல்லாமல் மரம் வாடுகின்றது. மரம் வாடுவதைக் கண்டு நீரை மிகுதியாக ஊற்றுவது இயல்பு. வேரற்ற மண்ணில் தேங்கும் நீர், வெட்டுப்பட்ட வேர்களை அழுகச் செய்கின்றது. 'மாற்றி நட்டபின் பட்டுப்போயிற்று' எனக் கூறப்படும் மரங்களில் சிலவற்றின் உண்மையான சிக்கல் நீரோ உரமோ அன்று, அசைவே ஆகும்.

இருவகை நிலைகுலைவு

தொட்டி மரம் இரண்டு வகையில் நிலைகுலையலாம். இவ்விரண்டுக்கும் தீர்வுகள் வேறுவேறானவை.

வேர் தளர்தல்: தொட்டி அப்படியே இருக்க, மரம் மட்டும் மண்ணில் ஆடுதல் அல்லது சாய்தல். இதற்குத் தீர்வு, வேர்த்தொகுதியைத் தொட்டியுடன் கட்டுதல்.

தொட்டி கவிழ்தல்: மரமும் தொட்டியும் ஒன்றாகச் சாய்ந்து விழுதல். இதற்குத் தீர்வு, தொட்டியின் அகலத்தையும் எடையையும் கருத்தில் கொள்ளுதல், காற்றுக்கு ஏற்ப அதனைத் திருப்பி வைத்தல், மேடையுடன் கட்டுதல் ஆகியன.

மரத்தைத் தொட்டியுடன் இறுகக் கட்டியபின் காற்றின் விசை முழுவதும் தொட்டிக்குக் கடத்தப்படுகின்றது. எனவே முதல் வகையைத் தீர்த்தவர் இரண்டாம் வகையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மழையில் இவ்விரண்டும் எதிரெதிராக மாறுகின்றன. நனைந்த மண்ணின் எடை கூடுவதால் தொட்டி கவிழ்வது சற்றுக் கடினமாகின்றது. ஆனால் அதே ஈரம் மண்ணை நெகிழச் செய்வதால் வேரின் பிடி தளர்கின்றது. பருவமழைக் காலத்தில் கட்டின் தேவை மிகுவதற்கு இதுவே காரணம்.

கவிழும் தன்மையைக் கணக்கிடல்

காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) நேர்விகிதத்தில் கூடுகின்றது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். காற்றின் அடர்த்தியில் பாதி, இழுவைக் கெழு, இலைத்தொகுதியின் முகப்புப் பரப்பு, வேகத்தின் இருமடி ஆகிய நான்கையும் பெருக்கினால் விசை கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, இலைத்தொகுதியின் முகப்புப் பரப்பு 0.15 சதுர மீட்டர் உள்ள ஒரு மரத்தைக் கொள்வோம். இழுவைக் கெழு 0.5 எனவும், காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.2 கி.கி. எனவும், விசை தொட்டியின் அடியிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் செயற்படுவதாகவும் கொள்க. தொட்டியின் அடிப்பகுதி 30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உடையது, மரம், ஈரமண் உட்பட மொத்த எடை 7 கி.கி. ஆகும்.

எடையினால் கிடைக்கும் தாங்கு திருப்புமை, எடையை அடிப்பகுதியின் பாதி அளவால் பெருக்கக் கிடைப்பது. அது அகலவாக்கில் ஏறத்தாழ 6.9 நியூட்டன் மீட்டர். நீளவாக்கில் ஏறத்தாழ 10.3 நியூட்டன் மீட்டர். காற்றினால் ஏற்படும் கவிழ்ப்புத் திருப்புமை பின்வருமாறு:

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 5.6 நியூட்டன் மீட்டர். தொட்டி எத்திசையில் வைக்கப்பட்டிருந்தாலும் நிற்கும்.

மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 8.8 நியூட்டன் மீட்டர். தொட்டியின் நீளப்பாங்கு காற்றின் திசையில் இருந்தால் நிற்கும். குறுக்காக இருந்தால் கவிழும்.

மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 12.7 நியூட்டன் மீட்டர். எவ்வாறு வைத்தாலும் கவிழும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் மணிக்கு 62 முதல் 88 கி.மீ. வரையிலான காற்று 'புயல்' எனவும், 89 முதல் 117 கி.மீ. வரையிலானது 'தீவிரப் புயல்' எனவும் வகுக்கப்படுகின்றது. அதாவது மேற்கண்ட மரத்தைப் புயலின்போது சரியாகத் திருப்பி வைப்பதால் ஓரளவு காக்கலாம். தீவிரப் புயலில் அதனைத் தரையில் இறக்கி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இக்கணக்கு சீரான காற்றுக்கு உரியது. திடீரென வீசும் சூறைக்காற்றில் மரம் ஊசலாடுவதால் இன்னும் குறைந்த வேகத்திலேயே கவிழக்கூடும்.

மண் கலவை

களிமண் மிகுந்த மண் வேரை இறுகப் பற்றும். ஆனால் காற்றோட்டம் இன்றி வேரை மூச்சுத் திணறச் செய்யும். பருமணல் போன்ற கலவையில் நீர் எளிதில் வடிந்து வேர் செழித்து வளரும். ஆனால் தொடக்கத்தில் பிடிமானம் மிகக் குறைவு. பிடிமானத்துக்காகக் களிமண்ணை நாடுவது தவறு. வடியும் கலவையைப் பயன்படுத்தி, பிடிமானத்தைக் கட்டின் மூலம் பெறுவதே சரியான வழியாகும்.

ஜப்பானில் அக்கடாமா எனப்படும் எரிமலைக் களித்துகள் பயன்படுத்தப்படுகின்றது. தமிழ்நாட்டில் அதற்கு மாற்றாக, நன்கு வெந்த செங்கலை உடைத்துச் சலித்த 2 முதல் 6 மி.மீ. அளவுள்ள துண்டுகளைப் பயன்படுத்தலாம். அரைகுறையாக வெந்த செங்கல் சில மாதங்களில் கரைந்து களியாகிவிடும். ஒரு துண்டை ஒரு நாள் நீரில் ஊறவைத்து விரலால் அழுத்திப் பார்த்தால் இதனை அறியலாம். செங்கல் துண்டுகளுடன் பருமணலும், நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது இலைமட்கும் சேர்க்கப்படும். எல்லாப் பொருட்களையும் சலித்துத் தூளை நீக்குதல் வேண்டும். தென்னைநார்க் கழிவு மிகுந்த கலவை ஈரத்தில் பஞ்சுபோல் நெகிழ்வதாலும், காய்ந்தால் சுருங்கித் தொட்டிச் சுவரிலிருந்து விலகுவதாலும் தனியே பயன்படுத்த ஏற்றதன்று.

நிலைநிறுத்தும் முறைகள்

கம்பியால் கட்டுதல்

இதுவே மிகப் பரவலான முறையாகும். போன்சாய்த் தொட்டிகளில் நீர் வடியும் பெரிய துளைகளுடன், கம்பி நுழைப்பதற்கான சிறு துளைகளும் இருக்கும். அவை இல்லாத சிமெண்டுத் தொட்டிகளிலும் மண்தொட்டிகளிலும், கல் துளைக்கும் அலகு பொருத்திய துளையிடும் கருவியால் நான்கு சிறு துளைகளை இட்டுக்கொள்ளலாம்.

கம்பியாக 2 முதல் 3 மி.மீ. தடிப்புள்ள அலுமினியக் கம்பி ஏற்றது. வீட்டு மின்னிணைப்புக்குப் பயன்படும் பிளாஸ்டிக் உறையிட்ட செப்புக் கம்பியும் பயன்படும். உறை இருப்பதால் அது பட்டையை அறுப்பதில்லை. கட்டடப் பணியில் பயன்படும் இரும்புக் கட்டுக்கம்பி விரைவில் துருப்பிடித்து அறுந்துவிடுவதாலும், மெல்லியதாக இருந்து வேரில் பதிவதாலும் தவிர்க்கப்பட வேண்டும்.

செயல்முறை பின்வருமாறு:

1. வடிதுளைகளின் மேல் பிளாஸ்டிக் வலைத்துண்டை வைத்து, சிறு கம்பியால் தொட்டியுடன் பொருத்துக.
2. இரண்டு கம்பிகளைத் தொட்டியின் அடியிலிருந்து துளைகள் வழியே மேலே கொண்டுவந்து, நான்கு முனைகளையும் வெளிப்பக்கம் மடித்து வைக்க.
3. மண் கலவையைப் பரப்பி, மரம் அமரவேண்டிய இடத்தில் சிறு மேடு அமைக்க.
4. மரத்தை மேட்டின் மேல் வைத்து, இடமும் வலமுமாகச் சற்றே திருகியவாறு அழுத்துக. இதனால் அடிமரத்தின் கீழே வெற்றிடம் இல்லாமல் மண் நிறையும்.
5. கம்பி முனைகளைத் தடித்த வேர்களின் மேலாக இழுத்து, ஒன்றோடொன்று கையால் முறுக்குக. கம்பி வேரைத் தொடும் இடத்தில் ரப்பர்த் துண்டு அல்லது தேங்காய் நார் வைக்க.
6. குறடால் முறுக்கைப் பற்றி, முதலில் மேல்நோக்கி இழுத்து, பின்னர் திருகுக. இழுக்காமல் திருகினால் கம்பி முறுக்கேறி அறுந்துவிடும், கட்டு இறுகாது.
7. எஞ்சிய மண்ணை இட்டு, மூங்கில் குச்சியால் மெல்லக் குத்தி வேர்களின் இடைவெளிகளில் மண் இறங்கச் செய்க. கட்டு தளர்ந்திருந்தால் மீண்டும் ஒருமுறை இறுக்குக.

சிறிய, நடுத்தரத் தொட்டிகளில் கட்டைச் சோதிக்க எளிய வழி உண்டு. அடிமரத்தைப் பற்றி மெதுவாகத் தூக்கினால் தொட்டியும் சேர்ந்து எழ வேண்டும். மரம் மட்டும் எழுந்தால் கட்டு போதாது.

ஒற்றைத் துளையுள்ள தொட்டி

சாதாரண மண்தொட்டிகளில் நடுவில் ஒரே துளை இருக்கும். அத்துளையின் வெளிப்புறத்தில் குறுக்காக ஒரு மூங்கில் துண்டையோ தடித்த கம்பியையோ வைத்து, அதனைச் சுற்றிய கம்பியின் இரு முனைகளையும் துளை வழியே உள்ளே கொண்டுவந்து கட்டலாம். இருமுனைக் கட்டு ஒரு திசையில் மட்டுமே நன்கு தாங்கும். எனவே தொட்டி விளிம்பில் பொருந்தும்படி மற்றொரு மூங்கில் குச்சியை மண்ணின் மேல் குறுக்காக வைத்து, அதனுடன் அடிமரத்தைச் சணல் கயிற்றால் கட்டுதல் நன்று.

ஓட்டின் மேல் அமர்த்துதல்

ஆணிவேர் மிகுதியாக உள்ள இளமரங்களின் அடிவேரை வெட்டி, தட்டையான ஓடு அல்லது பலகையின் மேல் வைத்து, வேர்களை எல்லாத் திசைகளிலும் ஆரம்போல் பரப்பிக் கட்டுவர். ஓட்டில் துளையிட்டு அடிப்பக்கத்திலிருந்து திருகாணி கொண்டு அடிமரத்தைப் பிணைப்பதும் உண்டு. வேர்கள் கீழே செல்ல முடியாமல் பக்கவாட்டில் பரவித் தடிக்கின்றன. ஜப்பானியர் 'நெபாரி' என்றழைக்கும் இந்த வேர்ப்பரப்பு அழகுக்காக மட்டும் போற்றப்படுவதன்று. எல்லாத் திசைகளிலும் வேர் பரவிய மரமே பின்னாளில் கட்டின்றித் தானாக நிற்கும்.

கல்லைப் பற்றிய மரம்

கருங்கல்லின் மேல் மரத்தை அமர்த்தி, வேர்களைக் கல்லின் பிளவுகள் வழியே கீழே இறக்கி, கல்லோடு சேர்த்துச் சுற்றிக் கட்டி, முழுவதையும் மண்ணில் புதைத்து வைப்பர். ஓராண்டு முதல் ஈராண்டுகளுக்குப் பின்னர் மண்ணைச் சிறிது சிறிதாக நீக்கினால் வேர்கள் கல்லைக் கவ்வியிருக்கும். கட்டுவதற்குப் பருத்தி நூல், சணல், பிளாஸ்டிக் பட்டை ஆகியவை பயன்படும். பருத்தியும் சணலும் தாமாக மக்கிவிடும். பிளாஸ்டிக் பட்டையை வளர்ப்பவரே அகற்ற வேண்டும். நெசவு ஊரான காஞ்சிபுரத்தில் எளிதில் கிடைக்கக்கூடிய பட்டு இழையும் சரிகையும் இதற்கு ஏற்றவை அல்ல. அவை மிக மெல்லியவை ஆதலால் வேர் தடிக்கும்போது பட்டையில் பதிந்துவிடும்.

விழுதுகளை ஊன்றச் செய்தல்

ஆல், கல் இச்சி முதலியவற்றில் கிளைகளிலிருந்து விழுதுகள் இறங்கும். காற்றில் ஈரப்பதம் குறைந்த இடங்களில் அவை தரையை எட்டுமுன் காய்ந்துவிடும். மெல்லிய குழாய் ஒன்றை விழுதின் மேல் மாட்டி, அதன் மறுமுனையை மண்ணில் செருகி, உள்ளே ஈரப்பாசியை வைத்தால் விழுது காயாமல் மண்ணை அடையும். ஊன்றிய விழுது தடித்தபின் நிலையான ஊன்றுகோலாக அமைகின்றது.

கட்டினை அகற்றும் காலம்

வெப்பப் பருவத்தில் அத்திப் பேரினத்து மரங்கள் இரண்டு முதல் மூன்று மாதங்களில் புதுவேர் விட்டு மண்ணைப் பற்றிவிடும். மெதுவாக வளரும் மரங்களுக்கு ஆறு மாதம் வரை ஆகலாம். அடிமரத்தை விரலால் மெல்லத் தள்ளும்போது அடிமரத்தைச் சுற்றியுள்ள மண்ணில் கோடுபோல் வெடிப்பு விழாதிருந்தால் வேர் பிடித்துவிட்டது எனக் கொள்ளலாம். வேர்களுக்குக் கீழே செல்லும் கம்பியை அடுத்த மாற்றி நடுதல் வரை விட்டுவைப்பதில் தீங்கில்லை. வேரின் மேற்பரப்பில் பதியத் தொடங்கும் கம்பியை உடனே துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். சுற்றியிருப்பதை அவிழ்க்க முயன்றால் புதிய வேர் அசையும்.

மரவகைகளும் அவற்றின் பிடிமானமும்

ஆல், அரசு: வேர் விரைவில் பெருகும். அரச மரத்தின் இலைகள் பெரியவை ஆதலால் காற்றின் விசை மிகுதி.

கல் இச்சி: சிறிய தடித்த இலைகளும் விரைவான வேர்ப்பெருக்கமும் உடையது. தொடக்கநிலை வளர்ப்பாளருக்கு ஏற்றது.

அத்தி: வேர் வலுவானது, நீர் வேட்கை மிகுதி. சின்ன காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசுக் குளத்தில் வைக்கப்பட்டு, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்படும் அத்தி வரதர் திருவுருவம் அத்தி மரத்தால் ஆனது. இது 1979, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளியே எடுக்கப்பட்டது.

புளி: இலைகள் நுண்ணியவை, காற்றுத் தடை குறைவு. ஆணிவேர் ஓங்கியிருக்கும் ஆதலால் இளமையிலேயே பக்கவேர்களை ஊக்குவிக்க வேண்டும்.

காகிதப்பூ (போகன்வில்லா): வேர்கள் மெல்லியவை, எளிதில் முறிபவை. மாற்றி நட்டபின் அசைவை மிகக் குறைவாகத் தாங்கும். கட்டு கட்டாயம் தேவை.

பாலைவன ரோசா (அடினியம்): பருத்த அடித்தண்டின் எடை கீழே இருப்பதால் எளிதில் கவிழாது. ஆனால் கம்பியை இறுக்கினால் சதைப்பற்றான வேர் நசுங்கி அழுகும். அகலமான துணிப்பட்டையால் கட்டலாம்.

சின்ன காஞ்சிபுரம் பகுதியின் சூழல்

காஞ்சிபுரம் நகரின் வைணவக் கோயிலான வரதராசப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்த பகுதி சின்ன காஞ்சிபுரம் அல்லது விட்டுணு காஞ்சி எனப்படுகின்றது. தறி உள்ள வீடுகளில் கூடத்தின் பெரும்பகுதியைத் தறியே கொள்வதால், செடி வளர்ப்புக்கு எஞ்சுவது பெரும்பாலும் மொட்டைமாடியே ஆகும். மொட்டைமாடியில் வெயில் தடையின்றிக் கிடைக்கும். காற்றும் தடையின்றி வீசும். ஏப்ரல், மே மாதங்களில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்கள் உண்டு. அம்மாதங்களில் மாலைநேர இடிமழையுடன் சூறைக்காற்று திடீரென வீசும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் ஆகும்.

மாற்றி நடும் பருவம்

இப்பகுதியில் மாற்றி நடும் காலத்தை வெப்பத்தை மட்டும் கருதாமல், காற்றைக் கருதியும் முடிவு செய்ய வேண்டும். பருவமழை தொடங்கும் அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குள் மரம் தானாக நிற்கும் அளவுக்கு வேர் விட்டிருக்க வேண்டும். எனவே பின்னோக்கிக் கணக்கிட்டால், அத்திப் பேரினத்து மரங்களைச் சூலை இறுதிக்குள் மாற்றி நட்டுவிடுதல் நன்று. பிப்ரவரி மாதமும் ஏற்றது. அவ்வாறு நட்டால் கோடை வெப்பம் உச்சத்தை அடையுமுன் புதுவேர் உருவாகிவிடும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வேர் அழுகல் போன்ற அவசரத் தேவை இருந்தால் அன்றி மாற்றி நடுவதைத் தவிர்க்க வேண்டும். நட்ட மரத்தை முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்குக் காற்று நேராகப் படாத நிழலில் வைக்க வேண்டும்.

சுவரில் முளைத்த கன்றுகள்

பறவைகளின் எச்சத்தின் வழியாகப் பரவும் ஆல், அரசு, இச்சி விதைகள் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்களில் முளைப்பது வழக்கம். இவை கட்டடத்துக்குக் கேடு விளைவிப்பவை. போன்சாய் வளர்ப்போர் இவற்றை விரும்பிச் சேகரிப்பர். இத்தகைய கன்றின் வேர், சுவரின் பிளவில் ஒரே திசையில் நீண்டு சென்றிருக்கும். பிடுங்கும்போது அதன் பெரும்பகுதி சுவரிலேயே தங்கிவிடும். ஆகவே இவற்றுக்கு இயல்பான அடித்தளம் என்று ஒன்றும் இராது. இவற்றை முதலில் ஆழமான தொட்டியில் நட்டு, மூன்று பக்கமும் குச்சி ஊன்றிக் கட்டி, ஓராண்டு வரை வேர் பெருகவிட்டபின்னரே ஆழமற்ற தொட்டிக்கு மாற்ற வேண்டும். காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில் முதலியன இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. கோயில் சுவர்களிலும் கோபுரங்களிலும் முளைத்த கன்றுகளைத் தனியார் பிடுங்குதல் கூடாது. வேரோடு கல்லும் காரையும் பெயரும் வாய்ப்பு உண்டு. இசைவு பெற்று வீட்டுச் சுவர்களிலிருந்து மட்டுமே எடுக்கலாம்.

புயல் காலம்

2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயலில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் பெருந்தொகையான மரங்கள் வேரோடு சாய்ந்தன. புயலின் கண் கடந்து செல்லும் இடங்களில் சிறிது நேரம் அமைதி நிலவியபின் காற்று எதிர்த்திசையிலிருந்து வீசத் தொடங்கும். ஒரு பக்கம் மட்டும் முட்டுக் கொடுக்கப்பட்ட தொட்டி இரண்டாம் கட்டத்தில் விழக்கூடும். எனவே:

புயல் எச்சரிக்கை வந்ததும் மேடை, கைப்பிடிச் சுவர் ஆகியவற்றின் மேல் உள்ள தொட்டிகளை முதலில் தரையில் இறக்குக. தெருவோரக் கைப்பிடிச் சுவரில் உள்ள தொட்டி விழுந்தால் கீழே செல்வோரின் உயிருக்கே ஆபத்து ஆகும். இத்தகைய இடத்தில் எக்காலத்திலும் தொட்டி வைக்காதிருப்பதே நன்று.

தொட்டிகளைச் சுவர் மூலையில் ஒன்றோடொன்று நெருக்கமாக வைக்க. நெருங்கி நிற்கும் தொட்டிகள் ஒன்றையொன்று தாங்கும்.

இறக்க முடியாத பெரிய தொட்டிகளைக் கயிற்றால் மேடையுடன் இரு திசைகளிலும் கட்டுக. கயிறு தொட்டியைச் சுற்ற வேண்டும். அடிமரத்தைச் சுற்றக் கூடாது.

அடர்ந்த கிளைகளைச் சற்றுக் கழித்துவிடுக. முகப்புப் பரப்பு பாதியானால் காற்றின் விசையும் ஏறத்தாழப் பாதியாகும்.

வடிதுளைகளில் அடைப்பு உள்ளதா எனப் பார்க்க. தரையில் இறக்கிய தொட்டி மாடியில் தேங்கும் மழைநீரில் மூழ்காதிருக்கச் செங்கல் துண்டுகளின் மேல் வைக்க.

நிலைகுலைந்த மரத்தை மீட்டல்

சாய்ந்த மரத்தைக் கண்டவுடன் நிமிர்த்தி மண்ணை அழுத்துவது பெரும்பாலானோர் செய்வது. இது எஞ்சிய வேர்களையும் முறித்துவிடும். மரம் தொட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டால், முதலில் வேரை ஈரத்துணியால் மூடி நிழலில் வைக்க வேண்டும். முறிந்த வேர்களைக் கூரிய கத்தரியால் சீராக வெட்டி, மேலே விளக்கியவாறு புதிதாகக் கட்டி நட வேண்டும். வேரின் இழப்புக்கு ஏற்ப இலைகளையும் குறைக்க வேண்டும். பாதியளவே சாய்ந்த மரத்தை, நன்கு நீர் ஊற்றி மண்ணை நெகிழச் செய்தபின், மெதுவாக நிமிர்த்திக் குச்சியுடன் கட்டலாம். புதிய தளிர் தோன்றும்வரை உரம் இடுதல் கூடாது.

காற்றும் மழையும் இல்லாத நாட்களில், நன்கு வேரூன்றிய மரம் திடீரெனத் தளர்ந்தால் காரணம் மண்ணுக்குள் இருக்கும். வண்டினங்களின் வெண்ணிறப் புழுக்கள் வேரைத் தின்றிருக்கலாம். வடிகால் அடைத்து வேர் அழுகியிருக்கலாம். மக்காத தொழுவுரத்தின் வழியே இப்புழுக்கள் தொட்டிக்குள் வருவது உண்டு. இந்நிலையில் கட்டை மேலும் இறுக்குவதால் பயன் இல்லை. மரத்தை வெளியே எடுத்து, புழுக்களைப் பொறுக்கி நீக்கி, அழுகிய வேர்களை நல்ல பகுதி தெரியும்வரை வெட்டி, புதிய மண் கலவையில் நட்டுக் கட்ட வேண்டும். நல்ல வேரின் வெட்டுவாய் வெளிர்நிறமாகவும் உறுதியாகவும் இருக்கும். அழுகிய வேர் கருத்து, அழுத்தினால் தோல் உரியும்.